ஒரே நட்சத்திரம், கட்டில் முழுக்க: 12 இஞ்ச் பிளாக்கை 72 இஞ்சாக்குவது எப்படி?

வில்லாபுரம் தையல்

வணக்கம். மகளுக்கு நாலடிக் கட்டில், நீளம் ஆறேகால் அடி. ஏசி அறையில் போர்த்திக்கொள்ள ஒரு குயில்ட் (துண்டு சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்குப் போர்வை) தைத்துத் தரலாம் என்று இருக்கிறேன். சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் வெட்டிச் சேர்க்க இப்போது நேரம் இல்லை. அதனால் ஒரே ஒரு பிளாக்கை (குயில்ட்டில் திரும்பத் திரும்ப வரும் சதுர வடிவம்) எடுத்து மேல்துணி முழுவதற்கும் பெரிதாக்கலாம் என்று யோசனை.

எனக்குப் பிடித்தது ஸாடூத் ஸ்டார். நடுவில் ஒரு பெரிய சதுரம், நாலு பக்கமும் இரண்டிரண்டு முனை, நாலு மூலையிலும் சின்னச் சதுரம். மொத்தம் எட்டு முனை நட்சத்திரம். 12 இஞ்ச் பிளாக்குக்கு வெட்டும் அளவு கையில் இருக்கிறது: நடுச் சதுரம் 6½, மூலை 3½ (நாலு), முனைகளுக்கு 7¼ சதுரம் ஒன்று, 3⅞ சதுரம் நாலு. எனக்கு 72 இஞ்ச் வேண்டும். எல்லாவற்றையும் ஆறால் பெருக்கி வெட்டினால் சரியாக வருமா?

அம்மாவுடைய அரக்குச் சுங்குடி ஒன்று கட்டாமலே பீரோவில் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு அதைப் போட ஆசை.

திருமங்கலம் டீச்சர்

வராது. தயவுசெய்து அப்படி வெட்டிவிடாதீர்கள், சேலை வீணாகிவிடும்.

நீங்கள் எழுதியிருப்பது வெட்டும் அளவு. அதற்குள் தையலுக்கு விட்ட துணியும் சேர்ந்திருக்கிறது. பிளாக் எவ்வளவு பெரிதானாலும் தையலுக்கு விடுவது அதே கால் இஞ்ச்தான், அது ஆறு மடங்கு ஆகாது. அப்படியே பெருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நடுச் சதுரம் 39 வரும், தைத்த பிறகு 38½. முனைகளுக்கான பெரிய சதுரம் 43½ வரும், அதில் கிடைக்கும் துண்டு தைத்த பிறகு 42¼ அகலம். இரண்டும் ஒரே நீளத்தில் ஒட்ட வேண்டியவை. மூணே முக்கால் இஞ்ச் இடிக்கிறது. எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் சேராது.

தைத்து முடிந்த அளவை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 72 இஞ்ச் பிளாக்கை நாலு கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டம் 18. நடுச் சதுரம் இரண்டு கட்டம், அதாவது 36. மூலை ஒரு கட்டம், 18. இரண்டு முனை சேர்ந்த பக்கத்துத் துண்டு 36க்கு 18. இனி தையலுக்குச் சேர்க்க வேண்டும். சதுரத்துக்கு அரை இஞ்ச். பெரிய சதுரத்திலிருந்து ஒரே நேரத்தில் நாலு பக்கத்துண்டும் எடுக்கும் முறைக்கு, பெரிய சதுரத்தில் அகலத்தோடு 1¼, சின்னச் சதுரத்தில் உயரத்தோடு ⅞.

ஆக உங்கள் கணக்கு:
நடு 36½ ஒன்று (சுங்குடி)
முனைகள் 18⅞ நாலு (சுங்குடி)
பின்னணிப் பெரிய சதுரம் 37¼ ஒன்று
மூலை 18½ நாலு (பின்னணித் துணி)

மொத்தமே பத்துத் துண்டு. நீங்கள் தேடுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

கூடல்நகர் குயில்ட்

டீச்சர் கணக்கு சரி. ஆனால் இந்த யோசனையே எனக்கு ஒப்பவில்லை. மூணடிச் சதுரத் துணி நடுவில் அப்படியே கிடந்தால் அது பெட்ஷீட் போலத்தான் இருக்கும். குயில்ட்டின் அழகே துண்டு சேர்ப்பதில்தானே? அதே நட்சத்திரத்தை 12 இஞ்சாக முப்பத்தாறு தைத்தால் அதே 72 வரும், பார்க்கவும் வேலை தெரியும். அவசரத்துக்காகப் பெரிதாக்குவது கைவேலையைக் குறைத்துக்கொள்வது என்றே எனக்குப் படுகிறது.

சிம்மக்கல் சுங்குடி

கூடல்நகர் அக்கா, உங்கள் வேலையை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம், மரியாதை உண்டு. இதில் மட்டும் உடன்பட மாட்டேன்.

ஒரே வடிவம் படுக்கை முழுக்க வருவது நேரமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் என்ற எளிய வாழ்க்கைக் கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தைத்த 'சென்டர் டயமண்ட்' குயில்ட்களைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய சதுரத்தைச் சாய்த்து வைத்து, சுற்றிலும் பார்டர். அவ்வளவுதான். பூப்போட்ட துணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் ஒற்றை நிறக் கம்பளித் துணி. கைவேலை எங்கே என்றால் அந்த வெறும் பரப்பின் மேலே. இறகு வளையமும் கட்டமும் கொடியுமாக நெருக்கி நெருக்கிக் கையால் ஓடு தையல் போட்டிருப்பார்கள். துண்டு சின்னதாக இருந்தால் அந்தத் தையல் கண்ணுக்கே தெரியாது.

அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தைத்ததில் 'ஹவுஸ்டாப்' என்ற வகை ரொம்பப் பெயர் போனது. நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அதுவே வளர்ந்து போர்வை முழுக்க ஆகிவிடும். பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தவை. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போனது, 2006இல் அமெரிக்கத் தபால்துறை தபால்தலையே வெளியிட்டது.

அதனால் 'வெறுமையாக இருக்குமே' என்று கவலைப்படுவதைவிட, அந்த இடத்தில் என்ன துணி வருகிறது, அதன் மேல் என்ன தையல் வருகிறது என்று யோசிக்கலாம். சுங்குடியை மூன்று இஞ்ச் துண்டாக வெட்டினால் அது ஏதோ ஒரு புள்ளித் துணி. மூன்றடியாக விட்டால்தான் அது சுங்குடி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலத்தில் ஒருவர் நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றிய முடிச்சு. முடிச்சின் உள்ளே சாயம் ஏறாத இடம்தான் அந்த வெள்ளை. கட்டிச் சாயம் போட்டதென்றால் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இராது, உள்ளே ஒரு பொட்டு நிறமும் தங்கியிருக்கும். மதுரையில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை, 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சுப் புள்ளி. உங்கள் அம்மா சேலை கட்டிப் போட்டதா அச்சா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், புள்ளியைத் தடவியும் பாருங்கள். கட்டியதாக இருந்தால் தயவுசெய்து சின்னதாக வெட்டாதீர்கள்.

வில்லாபுரம் தையல்

டீச்சருக்கு நன்றி, சிம்மக்கல் அக்காவுக்கும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் ஒரே அளவாக இல்லை, சில இடத்தில் லேசாகச் சுருக்கம் தெரிகிறது. கட்டியதுதான் போல.

அடுத்த சந்தேகம். பின்னணிக்குக் காடாத் துணி வாங்கலாமா? விளக்குத்தூண் பக்கம் கேட்டதில் 36 பன்னாவும் (துணியின் அகலம், இஞ்சில்) இருக்கிறது, 44 பன்னாவும் இருக்கிறது என்கிறார்கள். எவ்வளவு எடுக்க வேண்டும்?

திருமங்கலம் டீச்சர்

36 பன்னா வேண்டாம். 37¼ சதுரம் அதில் அடங்காது. 44 பன்னாவில் பெரிய சதுரத்துக்கு ஒரு மீட்டர், மூலைகள் வரிசைக்கு இரண்டாக இரண்டு வரிசை, அதற்கு இன்னொரு மீட்டர். மீட்டர் என்பது 39⅓ இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். நனைத்து மூன்று சதவீதம் சுருங்கினாலும் 38 இஞ்ச் நிற்கும். ஆனால் கடையில் கோணலாகக் கிழித்துக் கொடுத்துவிட்டால் போச்சு. இரண்டேகால் மீட்டர் கேளுங்கள்.

சேலையில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். இரண்டு கரைக்கும் நடுவே உள்ள உடல் அகலம் எவ்வளவு? 18⅞ இரண்டு பக்கத்தில் பக்கமாக வர 37¾ தேவை. கரைக்குக் கரை உள்ளே 38 இருந்தால் நீளத்தில் இரண்டு மீட்டரோடு வேலை முடிந்துவிடும், மிச்சச் சேலை அப்படியே இருக்கும். குறைந்தால் முனைகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள், சேலை நீளம் தாராளமாகப் போதும். நடுச் சதுரத்துக்கு 36½ இருந்தே ஆக வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. 72க்கு 72 உங்கள் கட்டிலுக்கு அகலத்தில் சரி, இரண்டு பக்கமும் ஓரடி தொங்கும். ஆனால் கட்டில் நீளமே 75. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒன்பது இஞ்ச் பட்டை ஒவ்வொன்று சேர்த்தால் 90 ஆகும். நட்சத்திரத்தை இழுத்து நீளமாக்கிப் பார்க்காதீர்கள், முனைகளின் கோணம் மாறி எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

தெற்குமாசி டெய்லர்

இந்த மாதிரி வேலையில் கணக்கு பாதி, துணியை அடக்குவது பாதி. இரண்டாவது பாதியைச் சொல்கிறேன்.

முதலில் காடா வேண்டாம். சுங்குடிச் சேலை மெல்லிய நூல், காடா தடிப்பு நூல். இரண்டையும் 36 இஞ்ச் நீளத்துக்குச் சேர்த்துத் தைத்தால் தடித்த துணி அசையாமல் நிற்கும், மெல்லிசு சுருங்கி உப்பும். சின்ன பிளாக்கில் இது தெரியாது. இங்கே கூடாரம் போட்டது போல நடுவில் எழும்பும். கேம்ப்ரிக் அல்லது நல்ல பாப்ளின் எடுங்கள். சேலை ரொம்ப மெல்லிசாக இருந்தால் நடுச் சதுரத்துக்குப் பின்னால் ஒரு மல் துணியை வைத்து ஓரம் சுற்றிக் கச்சா தையல் போட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டும் ஒரே துணியாக நடக்கும்.

அடுத்தது கிராஸ், அதாவது நூல் வாக்கில் போகாமல் சாய்வாக விழும் வெட்டு. நட்சத்திர முனைகளின் சாய்வு ஓரம் முழுக்கக் கிராஸ் வெட்டு. பிளவுஸில் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துத் தைத்தவர்களுக்குத் தெரியும், கிராஸ் பீஸ் இழுத்த இழுப்புக்கு வரும். அங்கே அது நமக்கு உதவி. இங்கே 26 இஞ்ச் நீளத்துக்குக் கிராஸ். கையில் தூக்கித் தொங்கவிட்டாலே அரை இஞ்ச் நீளும். அதனால் டீச்சர் சொன்ன முறைதான் நல்லது. அதில் சதுரத்தின் மேல் சதுரத்தை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்த பிறகுதான் நடுக்கோட்டில் வெட்டுகிறோம். கிராஸ் ஓரம் வெளியே வருவதற்கு முன்னாலேயே தையல் விழுந்துவிடுகிறது.

வெட்டுவதற்கு முன் கஞ்சி போடுங்கள். கெட்டிக் கஞ்சி. வடிகஞ்சி அரக்குத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், சுங்குடிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது. மெல்லிய துணியில் வடிகட்டி, துணியை முக்கிப் பிழியாமல் உதறி நிழலில் காயப்போடுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே நூல் வாக்கில் தேயுங்கள். பெட்டியைச் சாய்வாக இழுக்கக் கூடாது, வைத்து எடுத்து வைத்து எடுத்துத் தேய்க்க வேண்டும். காகிதம் போல விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

37¼ சதுரத்துக்கு மூலைக்கு மூலை கோடு போட வேண்டும் என்றால் 52 இஞ்சுக்கு மேல் நீளம். நம் எல் ஸ்கேல் எட்டாது. ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் போட்டால் கோடு வளையும். ஆசாரி மரத்தில் நூலடிப்பது போலச் செய்யுங்கள். வெள்ளை நூலில் சாக்பீஸைத் தேய்த்து, இரண்டு மூலையிலும் குண்டூசியில் கட்டி விறைப்பாகப் பிடித்து நடுவில் லேசாகத் தூக்கி விட்டால் ஒரே கோடு விழும். பெரிய துணிகளுக்கு நாங்கள் இப்படித்தான் செய்வோம். புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டிருந்த காலத்தில் தரையில் விரித்து இரண்டு பேர் இரண்டு மூலையில் உட்கார்ந்து அடிப்போம். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, வேலை முறை அதேதான்.

தைக்கும்போது நாலு இஞ்சுக்கு ஒரு குண்டூசி. மிஷின் மேல் இருக்கும் துணி கீழே தொங்கி இழுக்கக் கூடாது, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏற்றி வையுங்கள். ஊசி 14 போதும்.

மேலூர் ஊசிநூல்

மாஸ்டர் சொன்னதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். நூலடிப்பது அருமை.

ஒரு எச்சரிக்கை: அரக்குச் சுங்குடி சாயம் போகும். பக்கத்தில் வெள்ளை வந்தால் முதல் துவைப்பிலேயே இளஞ்சிவப்பு ஆகிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள்.

சிம்மக்கல் சுங்குடி

உப்புத் தண்ணீரை எல்லாரும் சொல்கிறார்கள், அதை மட்டும் நம்பி வெள்ளையோடு சேர்க்க வேண்டாம். ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு புதிதாக ஒட்டவைக்காது. தண்ணீர் தெளிவாக வரும் வரை தனியாக அலசுவதுதான் வழி. அப்புறம் ஒரு சோதனை: ஈரச் சேலையின் மேல் வெள்ளைக் கைக்குட்டையை வைத்துச் சூடாகத் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டவில்லை என்றால் தைரியமாக வெட்டலாம். ஒட்டிக்கொண்டே இருந்தால் பின்னணிக்கு வெள்ளையை விட்டுவிட்டு மாம்பழ மஞ்சளோ கடுகு நிறமோ எடுங்கள். அரக்குக்குப் பக்கத்தில் அது இன்னும் எடுப்பாக இருக்கும். சாயம் கொஞ்சம் இறங்கினாலும் மஞ்சளில் தெரியாது.

கரையை நட்சத்திரத்துக்குள் கொண்டுவராதீர்கள். ஜரிகை போலி என்றால் இஸ்திரிச் சூட்டில் சுருண்டுவிடும், அசல் என்றால் போர்த்தும்போது உடம்பில் உரசும்.

கூடல்நகர் குயில்ட்

கட்டிப் போட்ட சுங்குடி என்று தெரிந்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அதைத் துண்டு போடுவதுதான் பாவம். ஆனால் என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது: 36 இஞ்ச் நடுச் சதுரத்தை எப்படிக் குயில்ட் செய்வார்? மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கத் தையல் வேண்டுமே. தையல் ஓரத்தோடு மட்டும் ஓட்டிவிட்டால் உள்ளே பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கும். கட்டம் கட்டமாக நேர்கோடு அடித்தால் புள்ளிகளின் மேலே கம்பி போட்டது போல ஆகும்.

வில்லாபுரம் தையல்

இதைத்தான் நானும் கேட்க இருந்தேன். பஞ்சுக்கு என்ன வைப்பது? போடியில் உறவினர் வீட்டில் நல்ல இலவம்பஞ்சு இருக்கிறது.

தெற்குமாசி டெய்லர்

இலவம்பஞ்சு தலையணைக்கும் மெத்தைக்கும். அதன் இழை வழுவழுப்பு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. போர்வைக்குள் வைத்துத் துவைத்தால் மூலையில் உருண்டையாக உட்காரும். குயில்ட்டுக்கு விரிப்பாக வரும் பருத்தி பேட்டிங்தான் சரி. மதுரை வெயிலுக்கு அதுவும் கனம் என்றால் ஒரு அடுக்கு ஃபிளானல், இல்லாவிட்டால் நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு. ஏசிக்கு அது தாராளம்.

அடித்துணிக்கு வேட்டி வைக்க நினைத்தால் எட்டு முழ வேட்டி ஒன்று போதாது. நாலு ஓரமும் நாலு இஞ்ச் கூடுதலாக வேண்டும், ஆக 80க்கு 98. ஒரு வேட்டியை இரண்டாக வெட்டினால் துண்டுக்கு ஆறடிதான். இரண்டு வேட்டி எடுத்து நீளவாக்கில் நடுவில் சேருங்கள்.

சிம்மக்கல் சுங்குடி

கூடல்நகர் அக்கா கேட்டது நியாயமான கேள்வி. என் பதில்: சிக்குக் கோலம்.

புள்ளி துணியிலேயே இருக்கிறது. நாம் கோடு மட்டும் தைக்க வேண்டியதுதான். சுங்குடிப் புள்ளி நெருக்கமாக இருப்பதால் எல்லாவற்றையும் சுற்றினால் துணி விறைத்துவிடும். இரண்டு இரண்டரை இஞ்ச் இடைவெளிக்கு ஒரு புள்ளியைத் தேர்ந்து, சாக்கால் மெல்லிசாகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய புள்ளி அளவெடுத்தது போல இராது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதை எடுத்தால் போதும். அப்புறம் அந்தப் புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் கோலத்தை ஓடு தையலில் எடுங்கள். இரண்டு இஞ்சுக்கு ஒரு முறை தையல் குறுக்கே போவதால் உள்ளே எந்தப் பஞ்சும் நகராது.

தையலுக்கும் இதில் ஒரு பெரிய சௌகரியம். ஒரே இழையில் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோலம் என்றால் நூல் தீரும் இடத்தில் மட்டும் முடிச்சுப் போட்டால் போதும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் நூலை வெட்டி முடிச்சை உள்ளே இழுக்கும் வேலையே கிடையாது. இழை ஒன்றா என்று காகிதத்தில் விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே போங்கள், ஓரத்திலிருந்து வந்தால் நடுவில் துணி திரண்டுவிடும். நூல் மாம்பழ மஞ்சள், கொஞ்சம் தடித்தது. கையால்தான். வீட்டு மிஷினின் கைக்குள் இவ்வளவு பெரிய போர்வையைச் சுருட்டி நுழைத்து வளைவு எடுப்பது கஷ்டம்.

நேரம் இல்லை என்று தொடங்கினீர்கள். மேல்துணி பத்துத் துண்டில் முடிந்துவிடும். அதில் மிச்சமான நேரத்தை இங்கே போடுங்கள். பெரிய பிளாக் நமக்குத் தரும் வசதியே இதுதான் என்பேன்.

கூடல்நகர் குயில்ட்

புள்ளி துணியிலேயே இருக்கிறது என்றதும் எனக்குக் கண் முன்னால் வந்துவிட்டது. சரி, என் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பின்னணி முக்கோணங்களிலும் மூலைகளிலும் கோலம் வேண்டாம், அங்கே முனைகளுக்கு இணையாக நேர்கோடு, இடைவெளி இரண்டு இஞ்ச். நடுவில் வளைவு, வெளியே நேர்கோடு என்றால் நட்சத்திரம் தனியாகத் தூக்கித் தெரியும்.

முனைகளைச் சேர்க்கும்போது ஒன்று கவனியுங்கள். பக்கத்துத் துண்டில் முக்கோணத்தின் உச்சி, ஓரத்திலிருந்து சரியாகக் கால் இஞ்ச் உள்ளே இருக்க வேண்டும். தைக்கும்போது அந்த உச்சியை மேலே வைத்துக்கொண்டு, அதன் மேல் நூல் ஒரு இழை வெளியே படும்படி தையுங்கள். உச்சி வெட்டுப்பட்டால் 12 இஞ்ச் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. ஆறடி நட்சத்திரத்தில் வாசலில் நின்று பார்ப்பவருக்கே தெரியும். சாய்வுத் தையலை ஒரு பக்கம் மடிக்காமல் இரண்டாகப் பிரித்துத் தேய்த்துவிடுங்கள், கனம் ஒரே இடத்தில் சேராது.

மேலூர் ஊசிநூல்

சேலையில் மிச்சம் மூன்று மீட்டருக்கு மேல் இருக்குமே. தலைமாட்டுப் பட்டைக்கு அதையே போடலாமா?

சிம்மக்கல் சுங்குடி

போடலாம். ஆனால் நான் பட்டைக்குப் பின்னணித் துணியைத்தான் போடுவேன். அரக்கு இரண்டு பக்கமும் வந்தால் நட்சத்திரத்தின் முனைகள் அடைபட்டது போல ஆகும். சேலை மிச்சத்தை ஓரப் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மெல்லிய அரக்குக் கோடு சுற்றிலும் ஓடினால் போதும்.

வில்லாபுரம் தையல்

சேலையை அலசி வைத்துவிட்டேன், மூன்றாவது தண்ணீரிலும் லேசாக நிறம் வருகிறது. அதனால் மஞ்சள் கேம்ப்ரிக் என்று முடிவு. உடல் அகலம் அளந்தேன், 39 இருக்கிறது டீச்சர். நீங்கள் சொன்ன இரண்டேகால் மீட்டரோடு தலைமாட்டு, கால்மாட்டுப் பட்டைக்கும் சேர்த்து எவ்வளவு எடுக்க? ஓரப் பட்டிக்கும் கணக்குச் சொன்னால் ஒரே தடவையில் கடைக்குப் போய்விடுவேன்.

திருமங்கலம் டீச்சர்

39 என்றால் கவலையே இல்லை.

பட்டை ஒவ்வொன்றும் 9½க்கு 72½. அகலவாக்கில் வெட்டினால் ஒரு பட்டைக்கு இரண்டு துண்டு, ஆக நாலு துண்டு, 38 இஞ்ச் நீளத் துணி. ஒரு மீட்டர் எடுத்தால் நனைத்த பிறகு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒன்றேகால் எடுங்கள். பின்னணியோடு சேர்த்து மூன்றரை மீட்டர் மஞ்சள்.

ஓரப் பட்டி சுற்றளவு 324 இஞ்ச், மூலை மடிக்கவும் ஒட்டுக்கும் சேர்த்து 336 வைத்துக்கொள்ளுங்கள். 2½ இஞ்ச் அகலப் பட்டை, மிச்சச் சேலையின் நீளவாக்கிலேயே வெட்டினால் மூன்று பட்டையில் வந்துவிடும், ஒட்டு குறைவு. மனசு மாறி மஞ்சளிலேயே பட்டியும் போடுவதென்றால் அகலவாக்கில் எட்டுப் பட்டை, 20 இஞ்ச். அரை மீட்டரில் கால் இஞ்சுக்கு மேல் குறையும், கடையில் 60 சென்டிமீட்டர் என்று கேளுங்கள்.